தொலைந்த காரும் தொலைந்த காலமும்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய வாசகர்கள் கூடும் பக்கமொன்றில் எழுதத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எழுத வேண்டும் என்றே கருதுகிறோம். பதின்வயதில் வாரந்தோறும் காத்திருந்து படித்த தொடர்கதையையே பிற்காலத்து நாவல்கள் அனைத்துக்கும் அளவுகோலாக்கிக்கொள்ளும் வாசகரை நாம் அறிவோம். பல வேளைகளில் அவர் நாமேதான். அதே மனநிலை இன்று பெரும் பணம் புழங்கும் ஓரிடத்தில், மிக வெளிப்படையாகச் செயல்படுவதைக் காண வேண்டுமானால் கார்ப்பந்தய விளையாட்டுகளின் ரசிகர்களைத்தான் பார்க்க வேண்டும்.

1994-இல் தொடங்கிய 'நீட் ஃபார் ஸ்பீட்' வரிசையில் புதிய விளையாட்டு எது அறிவிக்கப்பட்டாலும், அதன் முதல் முன்னோட்டம் வெளியான உடனேயே ஒரு குரல் எழுகிறது: 2005-இல் வந்த 'மோஸ்ட் வாண்டட்' போல ஒன்றைத் தாருங்கள். சற்று மூத்தவர்கள் 2003, 2004 ஆண்டுகளில் வந்த இரண்டு 'அண்டர்கிரவுண்ட்' விளையாட்டுகளைக் கேட்பார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் இக்கோரிக்கை ஓயவில்லை. இதை வெறும் பழமைப் பித்து என்று ஒதுக்குவோர் ஒருபுறம். வாடிக்கையாளரின் இறுதித் தீர்ப்பு என்று தலைமேல் வைத்துக்கொள்வோர் மறுபுறம். இரு தரப்போடும் நம்மால் உடன்பட இயலவில்லை. இந்த ஏக்கத்துக்குள் இரண்டு வேறு கோரிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, எவராலும் நிறைவேற்ற முடியாதது. மற்றொன்று நியாயமானது, நிறைவேற்றத்தக்கது. அவற்றைப் பிரித்தறியாததால்தான் ரசிகர்கள் ஏமாறுகிறார்கள், நிறுவனங்களும் தடுமாறுகின்றன.

*

'நாஸ்டால்ஜியா' என்ற சொல் ஒரு நோயின் பெயராகவே பிறந்தது. 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், தாயகத்தைப் பிரிந்து வாழ்ந்த சுவிஸ் மக்களிடம் கண்ட நலிவைக் குறிக்க, வீடு திரும்புதல், வலி என்னும் பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதை உருவாக்கினார். அன்று அது இடத்தைப் பற்றிய ஏக்கம்; ஊருக்குத் திரும்பினால் தீரக்கூடியது. பின்னர் அது காலத்தைப் பற்றிய ஏக்கமாக மாறியபோது மருந்தற்றதாயிற்று. தமிழில் எஸ்.பொ. தம் நூலுக்குத் தலைப்பாக்கிய 'நனவிடை தோய்தல்' என்ற தொடர் இந்த இரண்டாவது பொருளுக்கு நெருங்கி வருகிறது.

லெனின்கிராடில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்வெட்லானா பாய்ம், 2001-இல் வெளியான தம் நூலில் இந்த ஏக்கத்தை இருவகையாகப் பிரித்தார். தொலைந்த வீட்டை அப்படியே மீண்டும் கட்டி எழுப்ப முனைவது ஒன்று. தொலைந்தது தொலைந்ததே என்று உணர்ந்து, அந்த இழப்பையே அசைபோட்டுச் சிந்திப்பது மற்றொன்று. நாடுகளின் வரலாற்றையும் நினைவுச்சின்னங்களையும் முன்வைத்து அவர் செய்த இப்பகுப்பு, ஒரு கார்ப்பந்தய விளையாட்டுக்கும் பொருந்தி வருவது வியப்புக்குரியது.

*

அந்தப் பழைய விளையாட்டுகளில் அப்படி என்னதான் இருந்தது?

'அண்டர்கிரவுண்ட்' வருமுன் இவ்வரிசை பெரும்பாலும் எட்டாக்கனிகளின் உலகம். ஃபெராரி, லம்போர்கினி போன்ற கார்கள், அழகிய மலைப்பாதைகள், கடற்கரைச் சாலைகள். 2001-இல் வெளியான 'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ்' திரைப்படம் தெருப் பந்தயக் கலாசாரத்தை உலகறியச் செய்த பின், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பிளாக் பாக்ஸ் குழு அந்த உலகைக் கைவிட்டு, ஹோண்டா சிவிக், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற சாதாரணக் கார்களை இரவு நகரத்துக்குள் இறக்கியது. பந்தயத்தில் வென்ற பணத்தில் சக்கரத்தை மாற்றலாம், பம்பரை மாற்றலாம், வண்டிக்கு அடியில் நியான் விளக்கு பொருத்தலாம். தெருமுனையில் நிற்கும் காரைத் தனக்கே உரியதாக ஆக்கிக்கொள்ளும் கனவு அது. சிறுவர்களால் ஃபெராரியை வியக்க மட்டுமே முடிந்தது. இந்தக் காரை அவர்களால் சொந்தம் கொண்டாட முடிந்தது.

2005-இன் 'மோஸ்ட் வாண்டட்' இதற்கு ஒரு கதையைக் கொடுத்தது. அக்கதையின் அமைப்பை ரசிகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது நம் எண்ணம். விளையாட்டின் தொடக்கத்திலேயே வெள்ளியும் நீலமுமான ஒரு பி.எம்.டபிள்யூ எம்3 ஜிடிஆர் நம் கையில் தரப்படுகிறது. ராக்போர்ட் என்னும் கற்பனை நகரில் அதைச் சில பந்தயங்களுக்கு ஓட்டிப் பழகுகிறோம். பிறகு ரேசர் என்பவனுடனான பந்தயத்தில், அவன் கூட்டத்தார் முன்னரே செய்து வைத்த நாசவேலையால் வண்டி நின்றுபோகிறது. கார் அவன் கைக்குப் போகிறது. அதே காரைக் கொண்டு அவன் நகரின் கறுப்புப் பட்டியலில் பதினைந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறிவிடுகிறான். நமக்கு மிஞ்சுவது கோபால்ட், கோல்ஃப், ஃபியட் பூண்டோ போன்ற எளிய வண்டிகளுள் ஒன்று. அங்கிருந்து பதினைந்து எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்தி, இடையிடையே போலீஸ் துரத்தல்களில் தப்பி, இறுதியில் ரேசரை வென்று அந்தக் காரை மீட்பதே முழுக் கதையும்.

ஒன்றைத் தந்து, பறித்து, அதன் நினைவோடு நீண்ட காலம் அலையவிட்டு, முடிவில் திருப்பித் தரும் அமைப்பு இது. ஏக்கத்தையே இயந்திர விசையாகக் கொண்ட விளையாட்டு. பத்து வயதிலோ பதினான்கு வயதிலோ இதை ஆடியவர்கள், இழந்த ஒன்றை மீட்க முடியும் என்ற வாக்குறுதியை விரல்களால் கற்றார்கள். இன்று முப்பதுகளில் நிற்கும் அவர்கள், அந்த விளையாட்டின் மீதே அதே வாக்குறுதியைப் பொருத்திப் பார்க்கிறார்கள். ரேசரிடமிருந்து கார் மீண்டது போல, அந்த ஆண்டும் மீளும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

*

2012-இல் அதே 'மோஸ்ட் வாண்டட்' என்னும் பெயரில் வேறொரு விளையாட்டு வந்தது. 'பர்ன்அவுட்' வரிசையால் புகழ்பெற்ற கிரைட்டீரியன் குழு அதை உருவாக்கியது. வேகத்தின் உணர்வும் மோதல்களின் வீச்சும் மிக நேர்த்தியாக இருந்தன; விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் பழைய ரசிகர்களில் பெரும்பகுதியினர் அதை ஏற்கவில்லை. காரணம் எளிது. புதிய விளையாட்டில் கார்கள் நகரெங்கும் சாலையோரங்களில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கண்டுபிடித்தவர் ஏறி ஓட்டிச் செல்லலாம். பட்டியல் இருந்தது, ஆனால் அதில் கார்கள்தாம் இருந்தன, மனிதர்கள் இல்லை. பெயரும் முகமும் திமிரும் கொண்ட எதிரிகள் எவருமில்லை. இழப்பும் இல்லை, ஆகவே மீட்பும் இல்லை. அந்தப் புகழ்பெற்ற எம்3 ஜிடிஆர் பின்னர் தனிக் கட்டணத்துக்கான இணைப்பாக விற்கப்பட்டது. முதல் விளையாட்டில் எந்தக் காருக்காக ஒரு கதை முழுவதையும் கடக்க வேண்டியிருந்ததோ, அந்தக் கார் இப்போது விலைப்பட்டியலில் ஒரு வரி.

ரசிகர்களின் கசப்பை இங்கே நாம் முழுமையாக ஆதரிக்கிறோம். அவர்கள் 'பழையது போல இல்லை' என்று சொன்னார்கள்; சொல்லத் தெரிந்த சொற்கள் அவ்வளவே. உண்மையில் அவர்கள் சுட்டியது ஒரு வடிவக் குறையை. எதிரிக்கு முகம் இருந்தால்தான் வெற்றிக்குப் பொருள் உண்டு. கிடைப்பதற்குமுன் ஒரு தூரம் இருந்தால்தான் பொருளின் மீது பற்று உண்டாகும். கதை சொல்லும் எந்தக் கலைக்கும் இது பொருந்தும். ஏக்கம் இவ்விடத்தில் விமர்சனமாகவே வேலை செய்தது.

'கிரான் டூரிஸ்மோ' வரிசையிலும் இதைக் காணலாம். 1997-இன் முதல் விளையாட்டில் கையில் சிறு தொகையோடு பழைய கார் ஒன்றை வாங்கி, ஓட்டுநர் உரிமத் தேர்வுகளில் தேறி, மெல்ல மெல்ல மேலேற வேண்டும். 2017-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' இணையப் போட்டிகளை மையமாக்கி அந்தத் தனிப்பயணத்தை விட்டுவிட்டது. ரசிகர்கள் முறையிட்டார்கள், அதே ஆண்டு டிசம்பரில் தனியாக ஆடுவோருக்கான பந்தயத் தொகுப்பு சேர்க்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஏழாம் விளையாட்டு பழைய அமைப்போடு திரும்பி வந்தபோது மகிழ்ச்சி எழுந்தது. ஆனால் சில வாரங்களிலேயே ஒரு புதுப்பிப்பு பந்தயப் பரிசுத் தொகைகளைக் குறைத்தது. அரிய கார்களின் விலையோ மலையளவு. உண்மைப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்கும் கதவு மட்டும் திறந்தே இருந்தது. எதிர்ப்பின் வேகத்தில் அதன் படைப்பாளி கஸுனோரி யமௌச்சி மன்னிப்புக் கோரி, ஆடுவோர் அனைவருக்கும் பத்து லட்சம் விளையாட்டுப் பணம் வழங்கினார். உழைத்துப் பெறுவதன் இனிமையை நினைவூட்டி ஆளை உள்ளே அழைத்து, உழைப்பைச் சலிப்பாக மாற்றி, சலிப்புக்கு மருந்தாகக் கட்டணத்தை நீட்டும் வணிகத்தை அவர்கள் சரியாகவே இனங்கண்டார்கள். தம் சிறுவயது நினைவே அதற்கு அவர்களுக்கு அளவுகோலாக உதவியது.

*

இனி நிறைவேற்ற முடியாத கோரிக்கைக்கு வருவோம்.

மனிதர்கள் தம் வாழ்வை நினைவுகூரும்போது, ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் மற்றவற்றைவிட அடர்த்தியாக எழுகின்றன என்று உளவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டுக்கும் பார்த்த படத்துக்கும் நாம் தரும் இடம் அவற்றின் தகுதியால் மட்டும் வந்ததன்று. விளையாட்டுக்கும் அப்படியே.

நம் ஊர்களில் இந்த நினைவு எப்படி உருவானது என்று எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கச் சிறுவனுக்கு அது வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்த பிளேஸ்டேஷன். இங்கே பலருக்கு அது மணிக்கணக்கில் காசு வாங்கிய பிரௌசிங் சென்டர். அல்லது கணினி பூட்டித் தந்தவரே போட்டுக் கொடுத்த 'ரோட் ராஷ்'. அல்லது பர்மா பஜாரில் வாங்கிய நகல் குறுந்தகடு. 'மோஸ்ட் வாண்டட்' ஓட வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது இருந்த வீட்டில் நான்கு பேர் பின்னால் நின்று முறைக்காகக் காத்திருப்பார்கள். காத்திருந்த நேரமே ஆடிய நேரத்தைவிட அதிகம். அடுத்த எதிரியை வெல்ல ஒரு வாரம் ஆனது என்றால், அந்த வாரம் முழுவதும் அவன் மனத்தில் வாழ்ந்தான்.

ஆக, நினைவில் நிற்கும் விளையாட்டின் பெரும்பகுதி திரைக்கு வெளியே நடந்தது. எந்த நிறுவனமும் அந்த அறையையும் அந்தக் கூட்டத்தையும், ஒரு வாரம் என்பது நீண்ட காலமாக இருந்த அந்த வயதையும் குறுந்தகட்டில் இட்டுத் தர இயலாது. ரசிகர் புதிய விளையாட்டை வாங்குகிறார். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறார். ஏதோ குறைகிறது என்று உணர்கிறார். குறைவது அவருடைய பதினான்கு வயது. குற்றமோ விளையாட்டின் மீது விழுகிறது.

2015-இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்' இதற்கு நல்ல சான்று. ரசிகர்கள் கேட்டபடியே இரவு நகரம், மழையில் நனைந்த சாலை, காரை விருப்பம்போல் மாற்றும் வசதி என்று 'அண்டர்கிரவுண்ட்' காலத்தின் அடையாளங்கள் பலவற்றையும் அது திருப்பிக் கொடுத்தது. வரவேற்பு கலவையாகவே இருந்தது. அதன் குறைகளுள் ஒன்று முற்றிலும் உண்மையானது: தனியாக ஆடினாலும் இணையத் தொடர்பு எப்போதும் வேண்டும் என்ற நிபந்தனை. ஆனால் அதை நீக்கியிருந்தாலும் ஏக்கம் தீர்ந்திருக்காது. பழையதன் மேற்பூச்சைத் திருப்பித் தருவதால் பழைய அனுபவம் திரும்புவதில்லை.

நிறுவனங்களோ மேற்பூச்சை விற்பதே எளிது என்று கண்டுகொண்டன. வெள்ளி-நீல எம்3 ஜிடிஆர் பின்வந்த பல விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. 1999-இன் 'கிராஷ் டீம் ரேசிங்' 2019 ஜூனில் அக்கறையோடு மறு ஆக்கம் பெற்றது, ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆகஸ்டில் அதற்குள் உண்மைப் பணத்துக்கு விளையாட்டு நாணயம் விற்கும் வசதி நுழைக்கப்பட்டது. சிறுவயது நினைவு வாங்குபவரின் காவலைத் தளர்த்துகிறது என்பதை வணிகம் நன்கறியும்.

இந்த ஏக்கத்தின் இன்னொரு தீங்கு, புதியதைப் பார்க்கும் கண்ணை அது மறைப்பது. 2022-இன் 'அன்பவுண்ட்', காரின் சக்கரப் புகையையும் தாவல்களையும் சுவரோவியப் பாணிக் கோடுகளாலும் வண்ணங்களாலும் வரைந்து காட்டியது. இவ்வரிசையில் நெடுநாள் கழித்து நிகழ்ந்த துணிவான தோற்ற மாற்றம் அது. அதன் முன்னோட்டத்துக்கு எழுந்த முதல் எதிர்வினைகளில் பல, இது எங்கள் விளையாட்டு அன்று என்பதாகவே இருந்தன. 2007-இல் 'ப்ரோஸ்ட்ரீட்' தெருவையும் போலீஸையும் விட்டுவிட்டுப் பந்தயத் தடத்துக்குப் போனபோதும் இதையே கேட்டோம். ஆனால் அதைச் சிறுவயதில் ஆடியவர்கள் வளர்ந்ததும், இன்று அதையே தங்கள் பொற்காலம் என்று பேசக் கேட்கிறோம். பொற்காலம் எது என்பதைப் பெரிதும் பிறந்த ஆண்டே தீர்மானிக்கிறது என்றால், அதைப் படைப்பாளிக்குக் கட்டளையாக முன்வைப்பது நியாயமாகாது.

*

இவ்வளவு சொன்னபின், எல்லாவற்றினும் முக்கியமானதாக நாம் கருதும் ஒன்று மிச்சமிருக்கிறது. பழையது போன்ற புதியதைக் கேட்டுக் குரல் கொடுக்கும்போது, பழையதே கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை.

2005-இன் 'மோஸ்ட் வாண்டட்'டையோ இரண்டு 'அண்டர்கிரவுண்ட்'களையோ இன்று இணையக் கடைகளில் முறைப்படி வாங்க வழியில்லை. பழைய வட்டு கைமாறிக் கிடைத்தால் உண்டு. உண்மைக் கார்களின் பெயரும் உருவமும், பின்னணியில் ஒலிக்கும் பாடல்களும் காலவரையறையுள்ள உரிமங்களால் பெறப்படுபவை; உரிமம் தீர்ந்தால் விற்பனை சிக்கலாகிறது. நாவலொன்று பதிப்பில் இல்லாமல் போனாலும் நூலகத்தில் இருக்கும். கார்ப்பந்தய விளையாட்டுக்கு அந்த நிழலும் குறைவு. 2021-இல் 'கார்பன்', 'அண்டர்கவர்', 'தி ரன்' உள்ளிட்ட ஐந்து விளையாட்டுகளை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இணையக் கடைகளிலிருந்து நீக்கியது. 2018-இல் வந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து விலகியது. 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' இன்னும் மோசம்: 2024 மார்ச் 31-இல் அதன் வழங்கிகள் மூடப்பட்டன; காசு கொடுத்து வாங்கியவரும் தனியாகக்கூட அதை ஆட முடியாமல் போயிற்று. அதன் பின்னரே விளையாட்டுகளை இப்படிக் கொல்லக் கூடாது என்னும் இயக்கம் தொடங்கி, 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது.

இங்கேதான் ஏக்கத்தின் சிறந்த முகத்தையும் காண்கிறோம். 2010-இல் தொடங்கிய 'நீட் ஃபார் ஸ்பீட் வேர்ல்ட்' என்னும் இணைய விளையாட்டு, ராக்போர்ட் நகரையும் 'கார்பன்' விளையாட்டின் நகரையும் ஒரே நிலப்பரப்பாக இணைத்திருந்தது. 2015 ஜூலையில் அது மூடப்பட்டது. ரசிகர்கள் தாமே வழங்கிகளை எழுதி அதை மீண்டும் ஓடச் செய்தார்கள். 'மோஸ்ட் வாண்டட்'டை இன்றைய அகலத் திரைகளில் சரியாக ஓடவைக்கும் திருத்தங்களையும் ஊதியமின்றி உழைக்கும் ரசிகர்களே செய்து தருகிறார்கள். இவர்கள் எவரும் நிறுவனத்திடம் தம் பதின்வயதைத் திருப்பிக் கேட்கவில்லை; படைப்பு அழியாதிருக்க வேண்டும் என்பதற்காக உழைக்கிறார்கள். ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரின் பணியோடு இதை ஒப்பிடுவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். அளவில் மிகைதான், பிறர் குப்பையென்று கருதியதைக் காக்க வேண்டும் என்ற உள்ளுணர்வில் மிகையில்லை.

எனவே ரசிகர்களிடம் நாம் கேட்பது இதுதான். 2005-ஐத் திருப்பித் தாருங்கள் என்ற முழக்கத்தைக் கைவிட்டு, அந்தப் பழைய விளையாட்டில் நம்மைக் கட்டிப்போட்டது எது என்று துல்லியமாகச் சொல்வோம்: முகமுள்ள எதிரி, உழைத்துப் பெற்ற வண்டி, முடிவுள்ள கதை, இணையமின்றியும் ஓடும் உரிமை. இவை எந்தப் புதிய வடிவத்திலும் சாத்தியமானவை. படைப்பாளிகள் வடிவத்தை விருப்பம்போல் மாற்றட்டும். நிறுவனங்களிடம் மறு ஆக்கம் கேட்பதற்கு முன், பழையவை பழையபடியே கிடைக்க வழிசெய்யும்படி கேட்போம். இன்று பத்து வயதில் இருக்கும் சிறுமி ஒருத்தி, ரேசர் ஏமாற்றிப் பறித்த அந்தக் காரை முதன்முறையாக இழக்கும் வாய்ப்பு அவளுக்கும் இருக்க வேண்டும். நமக்கு வாய்த்தது அவளுக்கும் வாய்க்க வேறு வழியில்லை.